வில்லுக்காக ஊர் மாறிய முதலாளி



பி.காம். படிக்கிறவர்களுக்கு "தொழிலக அமைவிடம்" பாடம் நினைவிருக்கும். மூலப்பொருள் எங்கே கிடைக்கிறது, கூலி எங்கே குறைவு, சந்தை எவ்வளவு தூரம், ரயில் வசதி உண்டா, மின்சாரம் உண்டா... இப்படி ஒரு பட்டியல் போட்டு, செலவு எங்கே குறைகிறதோ அங்கே ஆலையை வை என்று சொல்லித் தருவார்கள். ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியர் 1909இல் எழுதி வைத்தது. பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி, தவறாமல் வரும். :-)

"முதலாளிக்கு மான் வேட்டை பிடிக்கும்" என்று அந்தப் பட்டியலில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டை மட்டும் அல்ல, தன் தொழிற்சாலையையே பெரிய நகரத்திலிருந்து தூக்கிக் கொண்டு போய் ஒரு காட்டோரச் சிற்றூரில் வைத்தார். வில் எடுத்து வேட்டையாடவும், ஆற்றங்கரையில் வாழவும். அவர் பெயர் ஃபிரெட் பேர். இந்தப் பதிவு அவரைப் பற்றியது. அவருக்கு முன்னால் வில்லோடு வாழ்ந்த இரண்டு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் வேலைக்காக ஓர் ஊரிலும் வேட்டைக்காக இன்னோர் ஊரிலும் இருந்தவர். இன்னொருவருக்குத் தேர்ந்தெடுக்க ஊரே மிச்சமில்லை. மூன்று பேர் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் "எங்கே வாழ்வது" என்ற கேள்வியின் கனம் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். அமெரிக்காவில் அது உரிமம், பருவம், எண்ணிக்கை என்று கணக்குப் போட்டு அனுமதிக்கப்படுகிற விஷயம். வேட்டை சரியா தவறா என்ற விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக் கொள்வோம். இன்று பேசப் போவது இடத்தைப் பற்றி.

வில்காரனுக்கு ஏன் ஊர் முக்கியம்?

துப்பாக்கி வைத்திருப்பவர் நூறு இருநூறு மீட்டர் தள்ளி நின்று சுட்டுவிடலாம். வில்லில் அது நடக்காது. பொதுவாக இருபது முப்பது மீட்டருக்குள் மான் வர வேண்டும். மானுக்கு மூக்கும் காதும் எப்படிப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மான் எந்தத் தடத்தில் தண்ணீருக்குப் போகிறது, ஓக் மரத்துக் காய் எப்போது விழும், பனி விழுந்தால் எங்கே ஒதுங்கும்... எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் பத்து நாள் காத்திருந்து பதினோராம் நாள் வெறுங்கையோடு வருவது சாதாரணம்.

அதாவது, வில்வேட்டைக்குப் பெரிய செலவு பணம் இல்லை, நாட்கள். துப்பாக்கிக்காரர் வருடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை போட்டுவிட்டு வந்து போகலாம். வில்காரர் காட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று நாட்களைச் சேர்க்க முடியும். அதனால்தான் "எந்த ஊரில் குடியிருப்பது" என்பது இவர்களுக்குப் பெரிய கேள்வியாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் வேட்டை உரிமம் மாநில அரசு தருவது. அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்தவருக்குப் பெரும்பாலும் அதைப் போலப் பல மடங்கு. சில விலங்குகளுக்கு வெளியாட்களுக்குக் கிடைக்கும் அனுமதியே மிகக் குறைவு. ஆகவே வீட்டு முகவரி மாறினால் உரிமைகளும் மாறும்.

இண்டியானாவில் வேலை, ஃபுளோரிடாவில் வேட்டை

கதை அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆரம்பிக்கிறது. மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் என்று இரண்டு சகோதரர்கள். ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கு மலைப் பகுதியில் வளர்ந்தவர்கள். தெற்குப் படையில் சேர்ந்து சண்டை போட்டார்கள். 1865இல் தோற்றுத் திரும்பியபோது ஊர் நாசமாகிக் கிடந்தது. தோற்ற படைவீரர்கள் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி இல்லாததால் சகோதரர்கள் வில்லை எடுத்தார்கள் என்று சொல்லப்படுவது உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், ஃபுளோரிடாவின் சதுப்புக் காடுகளில் அவர்கள் வில்லோடு அலைந்து திரிந்தார்கள்.

ஆனால் காட்டில் சம்பளம் யார் கொடுப்பார்கள்? பிழைப்புக்காக இண்டியானா மாநிலத்தின் கிராஃபர்ட்ஸ்வில் என்ற ஊரில் குடியேறினார்கள். மாரிஸ் ரயில்பாதைப் பொறியாளராக வேலை பார்த்தார், பிறகு வழக்கறிஞரானார், பிறகு எழுத்தாளரானார். வேட்டை என்றால் தெற்கே பயணம். 1878இல் வில்வித்தை பற்றி மாரிஸ் எழுதிய புத்தகம் நாடு முழுவதும் ஒரு வில் மோகத்தையே கிளப்பிவிட்டது. அடுத்த ஆண்டே, 1879இல், கிராஃபர்ட்ஸ்வில்லில் தேசிய வில்வித்தைச் சங்கம் தொடங்கப்பட்டது. மாரிஸ்தான் முதல் தலைவர். அதே ஆண்டு சிகாகோவில் நடந்த முதல் தேசியப் போட்டியில் வென்றது தம்பி வில்.

இது முதல் வழி. சம்பளம் ஓர் ஊரில், மனசு இன்னோர் ஊரில். நம்மில் பெரும்பாலானவர்கள் வாழப் போவதும் இந்த வழியில்தான்.

ஊர் இல்லாமல் போனவர்

இரண்டாவது கதை சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடியது அல்ல.

1911 ஆகஸ்ட் 29. கலிஃபோர்னியாவில் ஓரவில் என்ற ஊருக்கு வெளியே ஒரு மாட்டுத் தொட்டி அருகில், பசியால் வாடிப்போன ஒரு நடுத்தர வயது மனிதர் பிடிபட்டார். யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் அவர். லாசன் மலை அடிவாரத்தில் டீர் கிரீக், மில் கிரீக் ஓடைகளை ஒட்டிய பள்ளத்தாக்குகள்தான் யாஹிகளின் ஊர். 1849இல் தங்கம் தேடி வந்த கூட்டம் அந்த நிலத்தை மொய்த்தது. 1860களில் நடந்த படுகொலைகளில் அந்த மக்கள் ஏறக்குறைய அழிந்தே போனார்கள். தப்பிய சிலர் நாற்பது வருடம் ஒளிந்து வாழ்ந்தார்கள். கடைசியில் இவர் ஒருவர்தான் மிச்சம். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கமில்லை. அதனால் மானுடவியலாளர் குரோபர் அவரை "இஷி" என்று அழைத்தார். அவர்கள் மொழியில் "மனிதன்" என்று பொருள்.

இஷியை சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துப் போனார்கள். பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கினார், அங்கேயே உதவியாளராக வேலையும் பார்த்தார். பக்கத்து மருத்துவமனையில் சாக்ஸ்டன் போப் என்று ஒரு அறுவை மருத்துவர். அவர் இஷியிடம் வில் செய்யவும், அம்பு தீட்டவும், மானை அழைக்கவும், ஓசையின்றி நடக்கவும் கற்றுக்கொண்டார். 1914இல் குரோபர், போப் முதலியோர் இஷியை டீர் கிரீக்குக்கு அழைத்துப் போனார்கள். சில வாரங்கள் அங்கே வேட்டையாடி, மீன் பிடித்து, பழைய இடங்களைக் காட்டினார். திரும்பிப் போக அவருக்கு முதலில் மனமே இல்லையாம். இருக்காதா பின்னே? அவருக்கு அது உல்லாசப் பயணம் இல்லை, சொந்தக்காரர்கள் எல்லோரும் செத்துப்போன ஊர்.

1916 மார்ச்சில் காசநோயால் இஷி இறந்தார். அவர் மூளையைத் தனியே எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2000ஆம் ஆண்டில்தான் அது பழங்குடி மக்களிடம் திருப்பித் தரப்பட்டு, அவருடைய சாம்பலோடு சேர்த்துச் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. 84 ஆண்டு கழித்து ஊர் திரும்பியிருக்கிறார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இன்றைய அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் தங்கள் பரம்பரையைப் போப்பிடமிருந்து தொடங்குகிறார்கள். 1923இல் வந்த அவர் புத்தகம்தான் அவர்களுக்கு வேதம் மாதிரி. 1961இல் தொடங்கிய அவர்களுடைய பெரிய சங்கத்துக்கும் போப், அவருடைய நண்பர் ஆர்ட் யங் இருவர் பெயரும்தான். ஆனால் அந்தப் போப்புக்கு ஆசான் இஷி. வித்தை கைமாறியது, நிலமும் கைமாறியது. வித்தையை அவர் விருப்பத்தோடு கொடுத்தார். நிலத்தை யாரும் அவரைக் கேட்டு எடுக்கவில்லை. "நல்ல வேட்டை நிலம் பார்த்துக் குடியேறினார்கள்" என்று அமெரிக்க வரலாற்றில் எங்கே படித்தாலும், அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

டெட்ராய்ட்டில் ஒரு சினிமா

இனி ஃபிரெட் பேர். 1902இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 21 வயதில், அதாவது நம்ம வயதில், டெட்ராய்ட்டுக்கு வேலை தேடி வந்தார். அப்போது டெட்ராய்ட் என்றால் கார். பேக்கார்டு கார் கம்பெனியில் மாதிரி அச்சு செய்யும் மரவேலை கிடைத்தது.

1927இல் டெட்ராய்ட்டில் ஒரு தியேட்டரில் படம் பார்க்கப் போனார். மேலே சொன்ன ஆர்ட் யங், அலாஸ்காவில் வில்லோடு வேட்டையாடியதைப் படம் பிடித்து ஊர் ஊராகக் காட்டிக் கொண்டிருந்தார். பேருக்கு அன்றே பைத்தியம் பிடித்துவிட்டது. பிறகு யங்கையே சந்தித்துப் பழகி, வில் செய்யக் கற்றுக்கொண்டார்.

பெருமந்தக் காலத்தில் அவர் வேலை பார்த்த, கார்களின் மாற்றுச் சக்கரத்துக்கு உறை செய்யும் கம்பெனி தீப்பிடித்து எரிந்து போனது. 1933இல் ஒரு நண்பரோடு சேர்ந்து 600 டாலர் முதலில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். கார் வியாபாரிகளுக்கு விளம்பர அச்சு வேலைதான் முக்கிய வருமானம். வில்லும் அம்பும் ஒரு மூலையில். சில ஆண்டுகளில் அந்த மூலைதான் வளர்ந்து, 1930களின் கடைசியில் தனிக் கம்பெனியானது.

அதே சமயத்தில் சட்டமும் மாறிக் கொண்டிருந்தது. வில்லுக்கென்று தனியாக மான் வேட்டைப் பருவம் 1934இல் விஸ்கான்சின் மாநிலத்தில் வந்தது. 1937இல் மிச்சிகனிலும் இரண்டு மாவட்டங்களில் வந்தது. இது வியாபாரத்தில் மிக முக்கியமான திருப்பம். பருவம் இல்லையென்றால் வில் வெறும் விளையாட்டுச் சாமான். பருவம் வந்தால் அதற்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு சந்தை. இப்போதும் மிச்சிகனில் வில் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் 15 வரை காத்திருக்க வேண்டும். காடு அமைதியாக, இலை நிறம் மாறும் அந்த ஆறு வாரமும் வில்காரர்களுக்கே.

ஏன் கிரேலிங்?

1947இல் பேர் தன் கம்பெனியை டெட்ராய்ட்டிலிருந்து கிரேலிங் என்ற ஊருக்கு மாற்றினார். தூரம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம். 1950 கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டின் மக்கள் தொகை 18 லட்சத்துக்கு மேல். கிரேலிங்கில் இன்றைக்கும் 2,000 பேர் தேற மாட்டார்கள். வெபரின் கணக்குப்படி இது கிறுக்குத்தனம்.

ஆனால் அந்த ஊர் என்ன ஊர்! ஆ சாபிள் என்ற ஆறு ஊர் நடுவே ஓடுகிறது. குளிர்ந்த, தெளிந்த தண்ணீர், டிரவுட் மீனுக்குப் பேர் போனது. அந்த ஆற்றங்கரையில்தான் 1959இல் டிரவுட் அன்லிமிடெட் என்ற மீன் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. கிரேலிங்கிலிருந்து ஹியூரான் ஏரிக்கரை வரை 120 மைல் தூரம் இரவெல்லாம் படகு வலிக்கும் போட்டி ஒன்று இன்றும் நடக்கிறது. அது தொடங்கியதும் பேர் வந்து சேர்ந்த அதே 1947இல்தான். ஊரைச் சுற்றி மான்கள் நிறைந்த காடு, அதில் பெரும்பகுதி அரசுக் காடு, யாரும் உள்ளே போகலாம்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அமெரிக்காவில் காடு இருக்கும் இடமெல்லாம் உள்ளே போய்விட முடியாது. டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. வேட்டைக்குக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும், அல்லது நிலக்காரர் சொந்தக்காரராக இருக்க வேண்டும். வடக்கு மிச்சிகனில் இவ்வளவு அரசு நிலம் எப்படி வந்தது?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு திவாலில் இருந்து வந்தது. 1870 முதல் 1910 வரை மரக் கம்பெனிகள் அந்தப் பகுதியின் வெள்ளைப் பைன் காட்டை மொட்டையடித்தன. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டு போனதில் மீன் முட்டையிடும் படுகைகள் நாசமாயின. ஊருக்குப் பெயர் கொடுத்ததே கிரேலிங் என்ற மீன்தான். 1930கள் வாக்கில் அந்த மீன் மிச்சிகனிலேயே இல்லாமல் போய்விட்டது. ஊர் இருக்கிறது, பெயருக்கு உரிய மீன் இல்லை!

மரம் போன பிறகு "விவசாயம் செய்யுங்கள்" என்று நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஆனால் அது மணல் பூமி. ஆ சாபிள் என்ற பிரெஞ்சுப் பெயரிலேயே மணல் இருக்கிறது. விளையவில்லை. வாங்கியவர்கள் வரி கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். கேட்பாரற்ற நிலம் மாநில அரசிடமே திரும்பியது. 1903இல் மிச்சிகனின் முதல் அரசு வனக் காப்பகங்கள் கிரேலிங் இருக்கும் கிராஃபர்ட் மாவட்டத்திலும் பக்கத்து ராஸ்காமன் மாவட்டத்திலும் உருவாயின. மொட்டையடித்த நிலத்தில் இளஞ்செடிகளும் புதர்களும் முளைத்தன. மானுக்குப் பெரிய பைன் மரத்தைவிட இந்த இளந்தளிர்தான் சாப்பாடு. வேட்டைக் கட்டுப்பாடும் சேர்ந்து கொள்ள, மான் கூட்டம் மீண்டும் பெருகியது. வெட்டாமல் தப்பிய பழைய பைன் காடு கிரேலிங் அருகே ஹார்ட்விக் பைன்ஸ் பூங்காவில் இன்று 49 ஏக்கர்தான். போய்ப் பார்ப்பவர்களுக்கு, இழந்தது எவ்வளவு என்று அங்கேதான் உறைக்குமாம்.

ஆக பேர் தேர்ந்தெடுத்த சொர்க்கம் ஆதிகாலத்துக் காடு அல்ல. ஒரு தொழில் சுரண்டித் தீர்த்து, இன்னொரு தொழில் தோற்று, அரசு பொறுப்பேற்று ஐம்பது வருடம் காத்திருந்ததால் மீண்டு வந்த காடு.

கிறுக்குத்தனம் லாபமானது எப்படி?

கிரேலிங் கம்பெனி ஓடியதா? ஓடியது. அமெரிக்காவின் முன்னணி வில் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

ஒன்று, சோதனைக்கூடம் வாசலிலேயே இருந்தது. மரத்தோடு பைபர்கிளாஸ் ஒட்டி இயந்திரத்தில் செய்யும் வில், வில்லிலேயே பொருத்தும் அம்புக் கூடு, கழற்றி மாற்றக்கூடிய பிளேடு வைத்த அம்புமுனை... இதையெல்லாம் செய்தவர், பட்டறையிலிருந்து காட்டுக்குப் போய் முயன்று பார்த்துவிட்டு மறுநாள் திருத்த முடிந்தது.

இரண்டு, விலை. கையால் செதுக்கிய வில் ஒரு சிலருக்குத்தான் கட்டுப்படியாகும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ததால் சாதாரணத் தொழிலாளியும் வாங்க முடிந்தது. வேட்டைக்காரர் எண்ணிக்கை கூடினால் மாநிலங்களும் வில் பருவத்தைத் திறக்கும், பருவம் திறந்தால் வில் மேலும் விற்கும்.

மூன்று, விளம்பரம். பேர் அலாஸ்காவிலும் கனடாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேட்டையாடியதைப் படமெடுத்துக் காட்டினார். 1960களில் இந்தியாவுக்கும் வந்து வில்லால் புலி வேட்டையாடியிருக்கிறார். அதைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறது. பத்தாண்டு கழித்து நாம் சட்டம் போட்டது சரிதான் என்றும் தோன்றுகிறது. ஆனால் வியாபாரக் கணக்கில், முதலாளியின் பொழுதுபோக்குச் செலவே கம்பெனியின் விளம்பரச் செலவாகிவிட்டது. ஆர்ட் யங்கின் படம் அவரை எப்படிப் பிடித்ததோ, அதே வலையை அவர் மற்றவர்களுக்கு வீசினார். 1967இல் கிரேலிங்கில் ஓர் அருங்காட்சியகமும் திறந்தார். வடக்கே சுற்றுலா போகிறவர்கள் அந்த வழியாகத்தானே போக வேண்டும்!

இதோடு ஒரு வரி விஷயமும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீதான கலால் வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்கென்று மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. 1972இல் சட்டத்தைத் திருத்தி வில், அம்பையும் சேர்த்தார்கள். காட்டைப் பயன்படுத்துகிறவரே காட்டைக் காக்கப் பணம் தருகிறார். குறிப்பிட்ட வரி குறிப்பிட்ட செலவுக்கே என்பதற்கு நம் பொது நிதிப் பாடத்தில் எழுத நல்ல உதாரணம்.

விற்றது வில் கம்பெனியை மட்டுமா?

1968இல் பேர் தன் கம்பெனியை விக்டர் காம்ப்டோமீட்டர் என்ற நிறுவனத்துக்கு விற்றார். கணக்குப் போடும் இயந்திரம் செய்த நிறுவனம்! பேர் தலைவராகத் தொடர்ந்தார். கிரேலிங்கில் வெளிப்பார்வைக்கு எதுவும் மாறவில்லை.

1970களின் பின்பாதியில் கிரேலிங் ஆலையில் வேலைநிறுத்தம். 1977இல் விக்டர் நிறுவனத்தையே கிட் என்ற இன்னும் பெரிய நிறுவனம் வாங்கியது. 1978இல் ஆலை கிரேலிங்கை விட்டுக் கிளம்பியது. போன இடம் ஃபுளோரிடா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில். 1,600 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. தொழிலாளிகள் ஆலையோடு போக முடியுமா? வீடு, பள்ளிக்கூடம், பெற்றோர் எல்லாம் கிரேலிங்கில். 2,000 பேர் ஊரில் ஒரு தொழிற்சாலை மூடுவது என்றால் என்ன என்று, சர்க்கரை ஆலையோ நூற்பாலையோ மூடிய ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பேரும் போனார், 76 வயதில். ஆ சாபிள் கரைக்காகத் தொழிற்சாலையையே நகர்த்தியவர், இப்போது தொழிற்சாலை நகர்ந்ததால் ஆ சாபிளை விட்டுப் போனார். அருங்காட்சியகமும் பின்னாலேயே கெய்ன்ஸ்வில்லுக்குப் போனது. 1988 ஏப்ரலில் அங்கேதான் இறந்தார்.

நூறு வருடத்துக்கு முன் தாம்சன் சகோதரர்கள் வில்லோடு அலைந்தது அதே ஃபுளோரிடாவில்தான். அமெரிக்க வில்வேட்டையின் கதை ஒரு சுற்று சுற்றி ஆரம்பித்த மாநிலத்துக்கே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் காட்டைத் தேடிப் போனார்கள், இவர் கம்பெனியைத் தேடிப் போனார்.

கடைசியாக...

வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மேல் பழி போடுவது சுலபம். புதிய முதலாளிகள் மேல் போடுவதும் சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1947இல் ஆலையை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவருக்குக் கிரேலிங் ஒரு வீடு. 1978இல் முடிவு செய்தவர்களுக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. இரண்டு முடிவுக்கும் நடுவே நடந்தது 1968இன் விற்பனை. பங்கை விற்கும்போது இயந்திரம், சரக்கு, நற்பெயர் என்று மதிப்புப் போடுகிறோம். "எங்கே இருப்பது என்று தீர்மானிக்கும் உரிமை" அந்த மதிப்பீட்டில் தனியாக வருவதில்லை. ஆனால் அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது. நம் கணக்குப் பதிவியல் புத்தகத்தில் நற்பெயருக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. இதற்கு ஒரு பத்தி கூட இல்லை.

பிடித்த இடத்தில் வாழ வேண்டும் என்றால் மூன்று கணக்கு நேராக வேண்டும் என்று இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிகிறது. அந்த நிலத்தில் நமக்கு நுழைய உரிமை இருக்க வேண்டும், இஷிக்கு அதுதான் பறிபோனது. பிழைப்பு அங்கேயே கிடைக்க வேண்டும், தாம்சன்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்தப் பிழைப்பின் கடிவாளம் நம் கையிலேயே இருக்க வேண்டும், பேர் அதை 1968இல் கொடுத்துவிட்டார். இருந்தும் இருபது முப்பது வருடம் தன் விருப்பப்படி வாழ்ந்தார் என்பதை மறுக்க முடியாது. அது சின்ன விஷயமும் இல்லை.

படிப்பு முடிந்ததும் நம்மில் பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பப் போகிறோம். யாருக்காவது மலையடிவாரத்திலோ, கடற்கரையிலோ, சொந்தக் கிராமத்திலோ இருக்க ஆசை இருந்தால், இந்த மூன்று கணக்கையும் ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். எந்தக் கணக்கு உதைக்கிறது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பேசுவோம்.